அல்கலைன் தண்ணீரில் கால்சியம் தேடாதீர்கள்

போன வாரம் மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆர்.ஓ சர்வீஸுக்குப் போயிருந்தேன். சமையலறையில் புத்தம்புது அல்கலைன் ஐயனைசர், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைக் காரமாக்கும் மெஷின். ஆர்.ஓ-விலிருந்து வரும் குழாயை நேராக அதற்குள் கொடுத்திருந்தார்கள். "இனிமே கால்சியம் மாத்திரையே வேணாம் சார், மினரல் எல்லாம் இதுலயே வந்துடும்" என்றார் அந்த வீட்டுத் தம்பி. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் பேசிய அதே வசனம்.

ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாதது, அமிலத் தண்ணீர்க் குழாயை மடக்கி வைப்பது எல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. மேனுவலில் இல்லாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கலர் மாறுவதைப் பார்த்து மயங்குவது

விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் சொட்டு மருந்து விடுவார். மெஷின் தண்ணீர் ஊதாவாக மாறும், வீடே அசந்துபோகும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்ததும் ஆரத்தி சிவக்கிறதே, அதே வித்தைதான். தண்ணீரில் காரம் ஏறியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த நிறம் எதையும் சொல்லாது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளி கரைத்தாலும் ஊதா வரும்.

ஆர்.ஓ தண்ணீரை ஐயனைசருக்குக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

மெஷினுக்குள்ளே பிளாட்டினம் பூசிய டைட்டானியம் தகடுகள், நடுவில் மெல்லிய சவ்வு. மின்சாரம் பாய்ந்ததும் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் எதிர்மின் தகட்டுப் பக்கம் நகரும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் காரமாகும், அதைக் குடிக்கிறோம். குளோரைடு போன்றவை மறுபக்கம் ஒதுங்கி, அமிலத் தண்ணீராக சிங்க்கில் வடியும். முறம் உமியைப் பிரிக்கும், அரிசியைப் பெருக்காது. வருகிற தண்ணீரில் கால்சியம் இருந்தால் குடிக்கிற பக்கம் கொஞ்சம் அடர்த்தியாகும். இல்லாவிட்டால் எங்கிருந்து வரும்?

ஆர்.ஓ-வின் வேலையே உப்பையும் மினரலையும் வெளியே தள்ளுவது. என் வீட்டு போர் தண்ணீரில் ஹார்ட்னஸ் (கால்சியமும் மெக்னீசியமும் தருகிற கடினத்தன்மை) லிட்டருக்கு 320 மில்லிகிராம். ஆர்.ஓ தாண்டியதும் 10. ஹார்ட்னஸ் 10 என்றால் அதில் கால்சியம் மிஞ்சிப்போனால் 4 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 லிட்டர், அதாவது பன்னிரண்டரை கேன். தினமும்.

நான் இந்தக் கணக்கை ஐயனைசர் வாங்கிய பிறகுதான் போட்டேன். சொந்தக்காரர் ஒருவர் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் விற்றார், ஒன்றரை லட்சம். தண்ணீர் வேலை பார்க்கிறவனே வாங்கிவிட்டான் என்று தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்து விசாரித்தார்கள். மெஷின் திரையில் பிஹெச் (7-க்கு மேல் போனால் காரம்) 9.5 என்று ஜோராக ஒளிரும். ஒருநாள் சந்தேகம் வந்து தண்ணீரில் பிஹெச் தாளை நனைத்தால் 7-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவே. திரையில் இருந்தது நான் அமுக்கிய அளவு, அளந்த அளவு இல்லை. மின்சாரத்தைக் கடத்தவே தண்ணீரில் உப்பு வேண்டும், ஆர்.ஓ தண்ணீரில் அது ஏது?

காசு போனதுகூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு எலும்பு பலவீனம் என்று டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தார். அலமாரியில் நாலு அட்டை பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்துக் கேட்டேன். "நீதானேப்பா சொன்ன, தண்ணியிலயே எல்லாம் இருக்குன்னு" என்றார். ராகிக் கஞ்சியையும் நிறுத்தியிருந்தார். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, ஒரு டம்ளர் பசும்பாலில் 200-க்கு மேல். அதை விட்டுவிட்டு நாலு மாதம் வெறும் தண்ணீர் குடித்திருக்கிறார், என் பேச்சைக் கேட்டு.

டிடிஎஸ் மீட்டரைக் கால்சியம் மீட்டர் என்று நினைப்பது

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றின் மொத்த அளவு. சமையல் உப்பு ஒரு சிட்டிகை போட்டாலும் அது ஏறும்.

"ஜப்பானிலேயே ஒத்துக்கொண்டார்கள்" என்பது

உண்மைதான். 1960-களிலேயே இந்த மெஷினை வீட்டு மருத்துவக் கருவியாக அங்கே அனுமதித்தார்கள். ஆனால் எதற்கு? செரிமானக் கோளாறு போன்ற வயிற்றுத் தொல்லைகளுக்கு. மினரல் சத்துக்காக இல்லை. இந்த இரண்டாவது பாதியை விற்கிறவர்கள் விழுங்கிவிடுவார்கள்.

மாத்திரையை இந்தத் தண்ணீரில் விழுங்குவது

வேண்டாம்.

கிட்னி கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுப்பது

டாக்டரைக் கேட்காமல் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

ஆத்திரத்தில் ஆர்.ஓ-வைக் கழற்றுவது

மேலே சொன்னதைக் கேட்டதும் சிலர் செய்கிற அடுத்த தவறு இது. ஐயனைசரை நம்பிக் கண்ட தண்ணீரையும் குடிக்க முடியாது. போர் தண்ணீரின் உப்பையும் அது எடுக்காது. உள்ளே போகிற தண்ணீர் ஏற்கெனவே குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். குடிநீருக்கான நம் ஐ.எஸ். 10500 தரப்படி டிடிஎஸ் 500-க்குள், பிஹெச் 6.5 முதல் 8.5 வரை இருப்பது நல்லது. அப்படிப்பட்ட சுத்தமான குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்.ஓ-வே தேவையில்லை, ஐயனைசரை நேராக மாட்டலாம். ஹார்ட்னஸ் அதிகமாக இருந்தால் தகட்டில் வெள்ளையாகப் படியும், சிட்ரிக் ஆசிட் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

மேடவாக்கத் தம்பி வீட்டு போர் தண்ணீர் 1,400 டிடிஎஸ். ஆர்.ஓ இல்லாமல் முடியாது. "அப்ப இந்த மெஷினை என்ன சார் பண்றது?" என்று கேட்டார். என்னுடையது பரணில் இருக்கிறது என்றேன்.