யாழ்ப்பாணத்திலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: அம்மம்மா முதல் பேரன் வரை எல்லோரையும் கூட்டிச் செல்வது எப்படி?

குடாநாட்டில் சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய ஏற்றம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து அம்மம்மா, அப்பப்பா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் மலைநாட்டுத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்குப் போவதென்றால் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே விலங்குகளைப் பார்ப்பதற்கு ஒன்பது கிலோமீற்றர் வட்டப்பாதை முழுவதையும் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மரை எனப்படும் பெரிய மான்கள் பெரும்பாலும் கண்ணில் படுவது வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றியும் நடைபாதையின் தொடக்கத்திலும்தான். இதை வைத்துத் திட்டம் போட்டால், முழங்கால் வலிக்காரருக்கும் பயணத்தில் குறை இருக்காது.

படி 1: மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். தைப்பொங்கல் முடிந்த கையோடு வரும் வார இறுதி பொருத்தமாக இருக்கும். இரவில் கடும் குளிர், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனிகூட இருக்கும்; ஆனால் வானம் தெளிவு. ஓகஸ்ட் விடுமுறையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால் மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நுவரெலியாவில் அறையும் கிடைக்காது, வீதியில் இடமும் கிடைக்காது.

படி 2: ஊரிலேயே பழகுங்கள்

மலை இல்லாவிட்டால் என்ன, மணற்காடு இருக்கிறதே! வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் ஏறி இறங்குவது கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி. ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கி, மாலை நேரங்களில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து நடக்கலாம். புதுச் சப்பாத்து வாங்கினால் இந்த நாட்களிலேயே போட்டுப் பழக்க வேண்டும். இரத்த அழுத்தம், இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். அந்த உயரத்தில் சாதாரண ஏற்றத்துக்கே மூச்சு வாங்கும்.

கண்ணுக்கும் பயிற்சி தேவை. தொலைநோக்கியை முதன்முதலாக மலையில் கையில் எடுத்த பிள்ளைக்கு ஆகாயமும் தன் கண்ணிமையும்தான் தெரியும். பண்ணைப் பாலத்தடியில் நின்று கடலேரியில் நிற்கும் கொக்கு, நாரைகளைப் பார்த்துப் பழகட்டும். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். சூட்சுமம் இவ்வளவுதான். அப்பப்பாமார் இதைப் பிள்ளைகளைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களிடம் பொறுமை இருக்கிறது.

படி 3: பயணத்தை இரண்டாக வெட்டுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ9 வீதியே ஏறத்தாழ 321 கிலோமீற்றர். அதன்பின் நுவரெலியாவுக்கு வளைவு வளைவாக மலையேற்றம். இளைஞர்கள் இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே நடப்பார்கள். குடும்பத்தோடு அது வேண்டாம். முதல் இரவு கண்டியில், இரண்டாம் இரவு நுவரெலியாவில் என்று தங்குங்கள். வாந்தி வரக்கூடியவர்களை முன் இருக்கையில் வையுங்கள். காலையில் இரண்டு இடியப்பத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இறம்பொடை அனுமன் கோயில் வழியிலேயே வருகிறது. பெரியவர்கள் இறங்கச் சொல்வார்கள், இறங்குங்கள், வயிறும் சற்று ஆறும்.

நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம். அங்கே ஓர் இரவு தங்குவது உடம்பைக் குளிருக்குப் பழக்கும். அன்று மாலை விக்டோரியா பூங்காவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். பூங்கா சிறியது, தரை சமம். ஆனால் குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்ற அரிய பறவைகளைத் தேடி வெளிநாட்டார் வருகிற இடம் அது.

படி 4: பையைக் கட்டுங்கள்

ஸ்வெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத அங்கி, காதை மூடும் தொப்பி. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அந்த உயரத்தில் குளிருக்குள்ளேயே வெயில் தோலைச் சுட்டுவிடும், ஆகவே வெயில் தடுப்புப் பூச்சும் தேவை. உணவுக்கு எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, கச்சான், வாழைப்பழம் போதும். சுடுநீர்ப் போத்தலில் மல்லித்தண்ணீர்.

எதையும் பொலித்தீனில் சுற்ற வேண்டாம். நுழைவாயிலில் பைகளைத் திறந்து சோதித்து, பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய மெல்லிய லேபலைக்கூட உரிப்பார்கள். விடியற்காலைக் குளிரில், பின்னால் வரிசை நிற்க, வடையைப் பையிலிருந்து கடதாசிக்கு மாற்றுவது சங்கடமான வேலை. முதல்நாள் இரவே டப்பாக்களில் போட்டுவிடுங்கள். உணவு மணக்கும் பொலித்தீனை மரை தின்றுவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

படி 5: ஆறு மணிக்கு வாயிலில் நில்லுங்கள்

பட்டிப்பொல வழியாகப் போனால் நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றர். வீதி ஒடுங்கியது, ஐந்து மணிக்கு முன்பே புறப்படுங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறினால் ‘உலக முடிவு’ (World's End) எனப்படும் செங்குத்துப் பள்ளத்தின் முனையில் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். தேசிய அடையாள அட்டைகளை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால், அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். வாயிலில் வாதாடிப் பயனில்லை.

படி 6: இரண்டு அணியாகப் பிரியுங்கள்

வட்டப்பாதை ‘ஃபார் இன்’ எனப்படும் பழைய கட்டடத்தருகே தொடங்கி அங்கேயே முடிகிறது. மொத்தம் ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். நடக்கக்கூடியவர்கள் சிறிய உலக முடிவு, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழும் உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற ஒழுங்கில் போகலாம். விளிம்பில் பிள்ளையின் கையை விடக் கூடாது. நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். தைரியசாலி என்று பெயரெடுத்த அம்மம்மாவையும் அங்கே இறக்க வேண்டாம்.

இரண்டாவது அணி, அதாவது பெரியவர்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளும், தொடக்கப் பகுதியில் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில் முடிந்த அளவு நடந்துவிட்டுத் திரும்பட்டும். வளர்ந்தவர் ஒருவர் இவர்களோடு நிற்பது கட்டாயம். தொலைபேசி சிக்னலை நம்பாமல், திரும்பிச் சேரும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் இந்த அணிக்கே அதிர்ஷ்டம் அதிகம். வேகமாக நடப்பவர்கள் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகைத்தான்.

படி 7: பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காடும் புல்வெளியும் சந்திக்கும் கரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மரை காலையில் அந்தக் கரையை ஒட்டி மேயும். பழுப்பு நிறக் கட்டை போலத் தெரிவது காதை அசைத்தால் அதுதான். கிட்ட வந்தாலும் எதையும் கொடுக்காதீர்கள். கோயில் மாட்டுக்குக் கொடுத்த பழக்கத்தில் அம்மம்மாவின் கை தானாகவே வாழைப்பழத்துக்குப் போகும்; பழத்தை அவரிடம் கொடுத்து வைக்காமல் இருப்பதே வழி.

அடுத்து, பாசி படர்ந்த மரத்தண்டுகள். கண்மட்டத்தில், கை தொடாமல், ஒவ்வொரு தண்டாகப் பாருங்கள். மூக்கின் நுனியில் வெண்மையான சிறு கொம்பு துருத்திக்கொண்டிருக்கும் ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டியிருக்கும். இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. கொம்பு ஆணுக்குத்தான் எடுப்பாக இருக்கும். இதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளே வல்லவர்கள், அவர்களின் உயரம் அப்படி.

காது பக்கம் மஞ்சள் முடி கொண்ட சின்னான் குருவி, முகம் கறுத்த மந்தி ஆகியவற்றை முதலில் காதால் பிடிக்கலாம். சிறுத்தையும் இங்கே வாழ்கிறது. மரைதான் அதற்கு இரை. மயிர் கலந்த எச்சத்தைப் பாதையில் கண்டால் அதோடு திருப்திப்படுங்கள். தேவாங்கு இரவில் மட்டுமே நடமாடும், அதைத் தேட வேண்டாம். யானையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இந்தச் சமவெளியில் இல்லை.

படி 8: உடனே ஊருக்குப் புறப்படாதீர்கள்

கீழே இறங்கியதும் தொடைகள் கல்லாகிவிடும். மறுநாளை ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் அதற்கு அருகே சீதா எலிய சீதையம்மன் கோயிலுக்கும் ஒதுக்குங்கள். அடுத்த நாள் விடியப் புறப்பட்டால் வவுனியாவைப் பகலிலேயே கடக்கலாம். இருட்டிய பின் வன்னிப் பகுதி ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும்; களைத்த சாரதிக்கு அவை கண்ணுக்குத் தெரியா.