காதலும் பேஸ்பாலும் ஒரே கதையில்: புதிதாக வரைபவர்கள் இடறும் இடங்கள்

பள்ளிக் காதலையும் விளையாட்டையும் சேர்த்து மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் பாணியில் ஒரு தொடர் வரைய வேண்டும் என்ற ஆசையோடு பல இளைஞர்கள் தங்கள் வரைவுகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். புரட்டப் புரட்ட, ஆரம்ப காலத்தில் நானும் என் கூட்டாளிகளும் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் வருகின்றன. கைவிரல் கோணலாக இருக்கிறது, பலூனில் வசனம் வழிகிறது என்பதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை. கதையையே சாய்த்துவிடும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்ல மிட்சுரு அடாச்சியின் ‘டச்’ தொடரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1981 முதல் 1986 வரை ‘ஷோனென் சண்டே’ வார இதழில் வந்து, 26 தொகுதிகளாக முடிந்த கதை. இரட்டைப் பிள்ளைகள் தட்சுயாவும் கஸுயாவும், பக்கத்து வீட்டு மினாமி, மூவருக்கும் நடுவே பேஸ்பால். இன்னும் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: முக்கியமான திருப்பங்களைத் தொடாமல் இதை எழுத முடியாது.

நாள்காட்டி இல்லாத கதை

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்று ஆண்டுகள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆகஸ்டில், ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியாவில் இருக்கும் கோஷியென் மைதானத்தில் கோடைக்கால தேசியப் போட்டி. 47 மாகாணங்களிலிருந்து 49 அணிகள் வரும். டோக்கியோவுக்கும் ஹொக்காய்டோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு இடம். தகுதிச் சுற்றில் ஒருமுறை தோற்றால் அந்தக் கோடை அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டு மாணவன் தோற்றால் அவனுடைய பள்ளி பேஸ்பாலே முடிந்தது.

ஆக, நாயகனிடம் இருப்பது மூன்றே மூன்று கோடைகள். இந்த நெருக்கடியை எழுத்தாளர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, போட்டியின் அமைப்பிலேயே அது தயாராக இருக்கிறது. ஆனால் என்னிடம் வரும் வரைவுகளில் இது எந்த மாதம், எந்த வகுப்பு என்றே தெரிவதில்லை. காலம் ஓடுகிறது என்று வாசகருக்குத் தெரியாதபோது, அவன் காதலைச் சொல்லத் தயங்குவதில் என்ன தவிப்பு இருக்கும்? முதல் வரியை எழுதும் முன் மூன்று ஆண்டுகளின் நாள்காட்டியை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

ஆட்டம் ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம்

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு அத்தியாயம் மைதானம், அடுத்தது மாடிப்படியில் பேச்சு, மறுபடி மைதானம் என்று முறைவைத்து வரும். பந்து வீசும்போது காதல் தூங்கிவிடும். பேச உட்கார்ந்தால் ஆட்டம் மறந்துபோகும். ‘மேட்ச் முடியட்டும், அப்புறம் பேசலாம்’ என்று ஒரு வசனம் கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்தாலே என் கை சிவப்புப் பேனாவைத் தேடும். பேச வேண்டியதை எல்லாம் அப்புறத்துக்குத் தள்ளிவிட்டால், அந்த மேட்சை வாசகர் எதற்குப் படிக்க வேண்டும்?

நல்ல கை உள்ள ஒரு பையன் வந்தான். பந்தை விடும் நொடியில் விரல்கள் பிரிவதை அவ்வளவு உயிரோட்டமாக வரைவான். ஒன்பது இன்னிங்ஸையும் ஒரு பந்து விடாமல் வரைந்து, மையும் தீட்டி முடித்திருந்தான். மாதக்கணக்கான உழைப்பு. காதலி அரங்கில் உட்கார்ந்து இரண்டு மூன்று கட்டங்களில் கைகோத்து வேண்டிக்கொள்கிறாள், அதோடு சரி. “இந்த மேட்சில் இவன் தோற்றிருந்தால் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னப்பா மாறியிருக்கும்?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். “ஒண்ணும் மாறாது சார்” என்றான். அத்தனை பக்கங்களையும் எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. பென்சில் வரைவு நிலையிலேயே யாராவது அவனிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவன்மேல் கோபமில்லை. வேகக்கோடு எப்படிப் போடுவது என்று பல வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆட்டம் கதைக்கு எதற்கு என்பதை ஒரு வகுப்பில்கூடப் பேசாத பயிற்சிகள்மேல்தான் கோபம்.

‘டச்’ எப்படிச் செய்கிறது பாருங்கள். தன்னைக் கோஷியெனுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மினாமியின் சிறுவயது ஆசை. தம்பி கஸுயா அதைத் தன் வாக்காக எடுத்துக்கொண்டு உழைக்கிறான். அவனுக்குக் குறையாத திறமை அண்ணன் தட்சுயாவிடமும் உண்டு. ஆனால் தம்பிக்கு வழிவிட்டு, சோம்பேறி என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஒதுங்கி நிற்கிறான். அவன் பந்தைத் தொடாமல் இருப்பதே காதல் கதையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பிறகு கஸுயா இல்லாமல் போக, அந்த இடத்தில் தட்சுயா நின்று வீசும் ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இது தம்பியின் வாக்கா, என் ஆசையா? ஜெயித்தால் மினாமி பார்ப்பது என்னையா, அவனையா? எதிரணியில் மட்டையோடு நிற்கும் நிட்டாவுக்கும் மினாமிமேல் விருப்பம். இடையில் பொறுப்பேற்கும் பயிற்சியாளர் காஷிவபா எய்ஜிரோவோ, தன் அண்ணன் செய்ததற்குத் தான் பழி சுமந்து, அந்தப் பள்ளி அணியையே வெறுத்துப்போனவர். இன்னொரு அண்ணன் தம்பி கதை. இந்த ஆட்டத்திலிருந்து காதலைத் தனியே உருவி எடுக்க முடியாது.

அடாச்சி இதை மறுபடியும் செய்துகாட்டினார். 1992 முதல் 1999 வரை வந்த ‘எச்2’வில் ஹிரோவும் ஹிதெயோவும் உயிர் நண்பர்கள். ஹிதெயோவின் காதலி ஹிகாரி, ஹிரோவுக்குச் சிறுவயதுத் தோழி. இவர்கள் கோஷியெனில் நேருக்கு நேர் மோதும்போது, நேரில் கேட்க முடியாத கேள்வியைப் பந்தாலும் மட்டையாலும் கேட்டுக்கொள்கிறார்கள். காதலுக்குக் குறைவான இடமே உள்ள தொடர்களிலும் இது நடக்கும். தகெஹிகோ இனொவுவேயின் ‘ஸ்லாம் டங்க்’கில், ‘கூடைப்பந்து பிடிக்குமா’ என்று ஹருகோ கேட்க, அவளைக் கவர்வதற்காகவே பிடிக்கும் என்று சொல்லிவைக்கிறான் சகுராகி. கடைசிப் பெரிய ஆட்டத்தில் முதுகில் அடிபட்ட நிலையில் அவளிடம் அதையே திரும்பச் சொல்கிறான், இந்த முறை பொய்யில்லை என்று. அவளிடம் சொன்ன பொய்யாகத் தொடங்கிய ஆட்டம் அதற்குள் அவனுக்கு உயிராகிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. மேட்சின் முடிவைத் தலைகீழாக்கிப் பாருங்கள். காதலில் எதுவும் அசையவில்லை என்றால் அந்த மேட்ச் வேண்டாம். பிறகு காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அவன் அதே பந்தைத்தான் வீசுவான் என்றால், காதல் இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

விதிகளை விளக்கும் பக்கங்கள்

வேண்டாம். ஸ்கோர்போர்டைக் காட்டும் ஒரு கட்டம் போதும்.

பரிசுக்கோப்பையாகும் பெண்

இரண்டு பையன்கள் மோதுவார்கள், ஜெயித்தவனுக்கு அவள். இந்த அமைப்போடு வரும் வரைவுகளைப் பார்த்து வருத்தப்படுகிறேன், குறிப்பாகப் பெண்களே வரைந்து வரும்போது. ‘டச்’சின் மினாமி முதலில் அணியின் மேனேஜர், அதாவது அணிக்கு உதவி வேலைகள் செய்யும் மாணவி. பிறகு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இறங்கி, அதில் அவளுக்கென்று போட்டிகளும் பெயரும் வருகின்றன. தட்சுயா கலங்குவது போலவே அவளும் தன் களத்தில் கலங்குகிறாள். உங்கள் நாயகியிடம் கேட்க வேண்டியது எளிய கேள்வி: அவன் ஆடாத நாளில் அவளுக்கு என்ன வேலை? பதில் இல்லையென்றால் அவளை இன்னும் எழுதவில்லை.

தோளில் காயம்

ஒரு கதைக்கு ஒன்று போதும்.

அழவைப்பதற்காக ஒரு சாவு

தகுதிச் சுற்றின் இறுதிப் போட்டி நாளன்று, மைதானத்துக்கு வரும் வழியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் கஸுயா விபத்தில் இறக்கிறான். இதைப் படித்துவிட்டு, தன் கதையிலும் ஒருவரைச் சாகடித்தால் வாசகர் அழுவார் என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. ஒரு அத்தியாயம் அழுகை, அடுத்த அத்தியாயத்தில் பயிற்சி முகாம். ‘டச்’சில் அந்த மரணத்துக்குப் பிறகுதான் கதையின் பெரும்பகுதியே இருக்கிறது. உயிரோடு இருந்த போட்டியாளனை ஜெயிக்கலாம், தோற்கலாம். இறந்தவனோடு இரண்டும் முடியாது. அந்தச் சிக்கலைத் தொகுதி தொகுதியாகச் சுமந்து போகத் தெம்பு இருந்தால் மட்டும் ஒருவரைச் சாகடியுங்கள்.

அந்தத் துயரத்தைக் காட்டிய விதத்தையும் கவனியுங்கள். மினாமி உடைந்து அழுவது ரயில் பாலத்துக்கு அடியில், மேலே ரயில் கடக்கும்போது. அவள் குரல் அந்த இரைச்சலில் போய்விடும். புதியவர்கள் இதே இடத்தில் மூன்று பலூன் நிறைய மனக்குரல் எழுதியிருப்பார்கள். வானம், வெறும் மைதானம், சன்னல் என்று அடாச்சி வைக்கும் பேச்சில்லாத கட்டங்களைப் பக்கம் நிரப்பும் வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு அத்தியாயத்தை எடுத்து, அந்தக் கட்டங்களை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். முந்தைய வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே அந்த ஆள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் காணாமல் போயிருக்கும்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமை

தட்சுயா கடைசியில் மினாமியிடம் தன் காதலைச் சொல்லிவிடுகிறான், கோஷியெனில் அவன் அணி ஆடத் தொடங்குவதற்கு முன்பே. அதன் பிறகு, இத்தனை தொகுதிகளாக எல்லோரும் ஏங்கிய அந்தத் தேசியப் போட்டியை அடாச்சி வரையவே இல்லை. வென்றதைச் சொல்லும் ஒரு நினைவுத் தட்டு மட்டும் கண்ணில் படுகிறது. ‘ஸ்லாம் டங்க்’கிலும் அந்தப் பெரிய ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் அணி தோற்றது என்பது போகிற போக்கில்தான் சொல்லப்படுகிறது.

உங்கள் வரைவில் காதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் பக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குப் பின் எத்தனை பக்கம் மிச்சம் என்று எண்ணுங்கள். இருபது பக்கத்தைத் தாண்டினால், ஒவ்வொரு பக்கமும் எதற்காக என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.