திரையில் தெரியும் புள்ளி: ஜிபிஎஸ் வாக்கி டாக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸையும் பேசிக்கொள்ள உதவும் வாக்கி டாக்கியையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய கையடக்கக் கருவியை முதன்முறையாகப் பயன்படுத்துகிறவரை மிகவும் கவர்வது, வரைபடத்தின்மேல் தோன்றும் தோழரின் சிறு குறிதான். அவர் பொத்தானை அழுத்திப் பேசி முடித்துக் கையை எடுத்ததும், குரலைத் தொடர்ந்து அவருடைய இருப்பிடமும் வானலையில் வந்து நம் திரையில் புள்ளியாக அமர்ந்துவிடுகிறது. கார்மின் நிறுவனத்தின் ரைனோ வரிசைக் கருவிகள் இந்த வசதிக்காகவே பெயர் பெற்றவை. ஆனால் இக்கருவியை வைத்துக்கொண்டு வழி தவறுகிறவர்களின் கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் அந்தப் புள்ளியை அளவுக்கு மீறி நம்பியதில்தான் அவை தொடங்கும். தோழரின் வானொலி கடைசியாக நம்மை எட்டிய நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

ஒரே கூட்டுக்குள் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஜிபிஎஸ் பகுதி, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பெற்றால்தான் உயரத்தோடு கூடிய இருப்பிடத்தைக் கணக்கிடும். அதற்கு வேண்டியது திறந்த வானம். வானொலிப் பகுதிக்கு வானம் தேவையில்லை. இரு கருவிகளுக்கும் நடுவே தடை இல்லாதிருந்தால் போதும். ஆகவே ஒரு பள்ளத்தாக்கில் நிற்கிறவருக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரிந்தும் அதை மலைமுகட்டுக்கு அப்பால் உள்ளவருக்குச் சொல்ல முடியாமல் போகலாம். பாறை இடுக்கிலோ அடர்ந்த மரங்களின் அடியிலோ நிற்கிறவரோடு தெளிவாகப் பேச முடிந்தும் அவருடைய இடம் தெரியாமல் போகலாம். இந்த இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் திரை வெறுமையாகிவிடுவதில்லை. பழைய படம் அப்படியே நிற்கும். ஆபத்து அங்கேதான்.

ஒரு முறை மலையேற்றத்தில் எனக்கு முன்னால் சென்ற நண்பரின் புள்ளி ஓர் ஓடைக்கு அருகே முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. அவர் ஓய்வெடுக்கிறார் என்று எண்ணி நானும் நிதானமாக நடந்தேன். உண்மையில் அவர் முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்கியிருந்தார். அவர் அழைத்த ஐந்தாறு அழைப்புகளில் ஒன்றுகூட என்னை எட்டவில்லை. புள்ளியைத் தொட்டுப் பார்த்திருந்தால் அது எத்தனை நிமிடங்களுக்கு முன் வந்தது என்பதைக் கருவியே சொல்லியிருக்கும். நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து புள்ளியின் இடத்தைவிட அதன் நேரத்தையே முதலில் பார்க்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறான எண்ணம், "குரல் கேட்டுவிட்டது, ஆகவே புள்ளியும் புதியதுதான்" என்பது. இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்ட பேச்சையும் மனிதக் காது ஊகித்துப் புரிந்துகொள்கிறது. இருப்பிடத் தரவோ ஒரு கணம் மட்டும் ஒலித்து மறையும் எண்களின் தொகுப்பு. அதில் சிறு பிழை நேர்ந்தாலும் கருவி அதை ஏற்காமல் விட்டுவிடும். சமிக்ஞை மெலிந்த இடங்களில் பேச்சு நடந்துகொண்டே இருக்கப் புள்ளி மட்டும் பழையதாகிக்கொண்டே போவது இதனால்தான். உரிமமின்றிப் பயன்படுத்தும் சிறு வானொலிகளுக்கான அமெரிக்க எஃப்ஆர்எஸ் சேவையின் விதிகள், இத்தகைய தரவு ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்கு மேல் நீளக் கூடாது என்றும், 30 விநாடிகளுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பக் கூடாது என்றும் வரையறுக்கின்றன. ஆகவே இக்கருவி ஒருவரை இடைவிடாமல் பின்தொடரும் என்று எதிர்பார்ப்பதே பிழை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைப்பது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டு, ஓர் அழைப்பு தவறியதுமே அந்தப் புள்ளியைத் "தெரியாத இடம்" என்று கருதத் தொடங்குவதுதான் சரியான பழக்கம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட தூரம்

பெட்டியின் மேல் பல பத்துக் கிலோமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யன்று, ஒரு மலையுச்சியிலிருந்து இன்னொரு மலையுச்சிக்கு, நடுவில் ஒன்றும் இல்லாதபோது கிடைக்கும் தூரம் அது. இக்கருவிகள் அமெரிக்காவில் 462, 467 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருப்பவரின் வானொலித் தொடுவானம், அதாவது அலை தடையின்றி எட்டும் எல்லை, சுமார் 5 கிலோமீட்டர்தான். இருவரும் அப்படியே நின்றால், மரமோ மேடோ இல்லாத சமவெளியில்கூடக் கணக்குப்படி 10 கிலோமீட்டரே எல்லை. காட்டிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் ஓரிரு கிலோமீட்டரில் பேச்சு அறுந்துபோவது இயல்பு.

தொடர்பு கிடைக்காதபோது பலரும் கருவியின் ஆற்றலை உச்சத்துக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். தடையற்ற வெளியில்கூட ஆற்றலை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும்; தரையோரத்தில் அவ்வளவும் கிடைக்காது, பேட்டரி மட்டும் வேகமாகக் கரையும். அதைவிட ஒரு மேட்டின்மேல் ஏறுவது பலமடங்கு பயன் தரும். சுற்றுப்புறத்தைவிட நூறு மீட்டர் உயர்ந்த இடத்தில் நிற்கிறவரின் வானொலித் தொடுவானம் சுமார் 41 கிலோமீட்டராக விரிகிறது. ஏற வழியில்லாத இடத்தில் நாலைந்து அடி தள்ளி நின்று மீண்டும் அழைப்பதும் பல வேளைகளில் பலன் தரும்.

கருவியை இடுப்புப் பட்டையில் மாட்டியபடியே பேசுவது இன்னொரு வீண் இழப்பு. நீர் நிறைந்த நம் உடல் இந்த அலைகளை உறிஞ்சுகிறது. அதோடு ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் பாதி வானம் மறைந்துபோகிறது. தோள்பட்டை வாரில் உயரமாக மாட்டிக்கொள்வதும், பேசும்போது ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி முகத்துக்கு எதிரே பிடிப்பதும் இரண்டு பகுதிகளுக்குமே நல்லது. ஒருவர் செங்குத்தாகவும் மற்றவர் படுக்கை வாட்டிலும் பிடித்தால் சமிக்ஞையில் பெரும்பகுதி வீணாகும்.

சேனலும் குறியீடும்

ஒரே சேனலில் இருந்தும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் துணைக் குறியீட்டில்தான் கோளாறு இருக்கும். விளம்பரங்களில் இதற்கு "தனியுரிமைக் குறியீடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப்போலத் திசைதிருப்பும் பெயர் வேறில்லை. இது, குரலோடு சேர்ந்து செல்லும், காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த ஒலி மட்டுமே. அந்த ஒலி இல்லாத அழைப்புகளை நம் கருவி நமக்குக் கேட்காமல் மறைத்துவிடும். நாம் பேசுவதை யார் கேட்கலாம் என்பதை இது கட்டுப்படுத்துவதில்லை. குறியீட்டை அணைத்து வைத்திருக்கும் எவரும் அந்தச் சேனலில் நாம் பேசுவது முழுவதையும் கேட்கலாம். ஆகவே தனித் தங்குமிடம், விலையுயர்ந்த பொருள் போன்றவற்றைப் பற்றி இதில் பேசுவது புத்திசாலித்தனமன்று.

இதனால் வேறொரு தொல்லையும் உண்டு. வேறொரு குழு அதே சேனலில் பேசிக்கொண்டிருப்பது குறியீட்டின் காரணமாக நமக்குக் கேட்பதில்லை. சேனல் காலியாக இருக்கிறது என்று எண்ணி நாம் பேசத் தொடங்க, இரு குழுக்களின் பேச்சும் கெடுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைக் கலந்து பயன்படுத்தும்போது குறியீட்டு எண்கள் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். நெரிசல் இல்லாத இடத்தில் குறியீட்டைச் சுழியத்தில் விட்டுவிடுவதே பாதுகாப்பானது. அத்துடன், வேறு நிறுவனத்தின் வாக்கி டாக்கியோடு குரல் பேச முடிந்தாலும், இருப்பிடத் தரவை அதே வகைக் கருவி மட்டுமே படிக்கும் என்பதையும் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பொத்தானை அழுத்திய அதே நொடியில் பேசத் தொடங்குவதால் முதல் சொல் வெட்டுப்படுகிறது; "இடப்பக்கம் திரும்புங்கள்" என்பதில் முதல் சொல் போனால் மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்க்கலாம். அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, வாயிலிருந்து நான்கைந்து விரல் தள்ளிப் பிடித்து, இயல்பான குரலில் பேச வேண்டும். கத்தினால் குரல் சிதையுமே தவிரத் தூரம் கூடாது. முதுகுப்பையில் அழுந்திக்கொண்டே இருக்கும் பொத்தான் இதைவிடக் கொடுமையானது: அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாதபடி அது அடைத்துக்கொள்ளும், குற்றவாளிக்கோ தான் செய்வது தெரியவே தெரியாது. பைக்குள் வைக்கும்போது பொத்தான்களைப் பூட்டிவிட வேண்டும். குரல் கேட்டதும் தானே ஒலிபரப்பும் வசதியையும் காற்று வீசும் இடங்களில் அணைத்து வைப்பது நல்லது.

எண்களை வாயால் சொல்லும்போது

புள்ளி வராதபோது ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, வாயால் சொல்ல வேண்டியிருக்கும். பெரும் பிழைகள் நேர்வது இங்கேதான். ஒரே அட்சரேகையைப் பாகையின் பதின்மமாகவும், பாகையும் நிமிடத்தின் பதின்மமுமாகவும், பாகை நிமிடம் விநாடியாகவும் எழுதலாம். ஒருவர் "பன்னிரண்டு, முப்பது" என்று சொன்னால் அது 12 பாகை 30 நிமிடமா, 12.30 பாகையா? முன்னது 12.5 பாகைக்குச் சமம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.2 பாகை, தரையில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். 30.45 நிமிடத்தை 30 நிமிடம் 45 விநாடி என்று எழுதிக்கொண்டால் பிழை அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பின்னது சிறியது என்பதாலேயே அபாயமானது. கேட்கிறவருக்குச் சந்தேகமே எழாது.

வரைபட அடிப்படையும், அதாவது அந்த எண்களை எந்தப் புவி மாதிரியைக் கொண்டு அளக்கிறோம் என்பதும், ஒன்றாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்னும் அடிப்படையில் இயங்குகிறது. பழைய காகித வரைபடங்கள் பலவும் வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. கருவியை அதற்கேற்ப மாற்றாமல் எண்களைக் காகிதத்தில் குறித்தால் இடம் சில நூறு மீட்டர் வரை விலகலாம். குழுவில் ஒருவர் மட்டும் மாற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவதும் நடக்கும். எனவே எல்லோருடைய கருவிகளையும் அருகருகே வைத்து, ஒரே இடத்துக்கு ஒரே எண் காட்டுகிறதா என்று புறப்படும் முன் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் எண் சொல்லும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரைச்சலில் சொல்லின் கடைசி அசை தேய்ந்துபோனால் ஒன்றும் ஒன்பதும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஐந்தும் ஐம்பதும் அப்படியே. "முப்பத்தைந்து" என்று சேர்த்துச் சொல்லாமல் "மூன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, புள்ளி வரும் இடத்தில் "புள்ளி" என்று சொல்லி, கேட்டவர் முழுவதையும் திருப்பிச் சொன்ன பிறகே அதைச் சரியெனக் கொள்ள வேண்டும். திருப்பிச் சொல்லாத எண்ணைக் கேட்காத எண்ணாகவே கருதலாம்.

கருவியை எழுப்புவதும் காப்பதும்

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவியை எடுத்ததும் நடக்கத் தொடங்கக் கூடாது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று சொல்லும், அதில் உள்ள அட்டவணை பழையதாகியிருக்கும். முழு அட்டவணையைச் செயற்கைக்கோளிடமிருந்தே பெறப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். திறந்தவெளியில் அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைக் கவனிக்கலாம். இருப்பிடம் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, புறப்படும் இடத்தைப் பெயரிட்டுச் சேமிப்பது. 001, 002 என்று கருவியே இடும் எண்கள் மாலையில் யாருக்கும் நினைவிருக்காது. திரும்பும்போது "நேராகச் செல்" என்று கருவி காட்டும் கோடு பள்ளத்தையும் ஆற்றையும் அறியாது. வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.

பேட்டரி மாற்றியதும் மின்னணுத் திசைகாட்டியைச் சீரமைக்கச் சொல்லும் கருவிகள் பல உண்டு. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. சாதாரணக் காந்தத் திசைகாட்டியை இக்கருவியின் அருகே வைத்துப் பார்ப்பதும் தவறு. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம் முள்ளை இழுக்கும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவியில், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரம் சுமார் 8 மீட்டர் மாறிக் காட்டும் என்பதால், உயரம் தெரிந்த இடங்களில் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2 வாட்டுக்கு மேல் ஒலிபரப்பும் இத்தகைய கருவிக்கு, ஜிஎம்ஆர்எஸ் என்னும் கூடுதல் ஆற்றலுள்ள வானொலிச் சேவைக்கான உரிமம் வேண்டும். ஐரோப்பாவின் பிஎம்ஆர் 446 சேவையில் உரிமம் வேண்டியதில்லை, ஆனால் ஆற்றல் 0.5 வாட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நாட்டில் வாங்கியதை இன்னொரு நாட்டில் இயக்கினால், அங்கே வேறு சேவைக்கு ஒதுக்கிய அலைவரிசையில் குறுக்கிட நேரலாம். எங்கும் பொதுவான இன்னொன்று: பாறை தகர்க்கும் இடங்களுக்கு அருகே ஒலிபரப்பக் கூடாது, வானொலி அலை மின்வெடிப்பியைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு.

இறுதியாகப் பேட்டரி. இரண்டு கருவிகளை ஒன்றாக்கியதன் விலை, பேட்டரி தீர்ந்தால் இரண்டும் ஒன்றாக மறைவதுதான். மின்சாரத்தைப் பெரிதும் தின்பது ஒலிபரப்புதான். அருகில் இருப்பவரோடு குறைந்த ஆற்றலில், சுருக்கமாகப் பேசினாலே நாள் நீளும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறைவதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைக்க வேண்டும். காகித வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும். மீட்புக் குழுவை அழைக்க இதையே நம்பவும் கூடாது. இந்தச் சேனல்களை யாரேனும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. அதற்கென்றே 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசரக் கருவிகள் தனியே இருக்கின்றன. இரண்டு அழைப்புகள் அடுத்தடுத்துத் தவறினால் எந்த இடத்தில் சந்திப்பது, அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் கருவிகளை இயக்கும் முன்பே பேசி, ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.