முதலாண்டு மாணவர்களுக்கான கற்றல் குழு: தொடங்கிக் கலையாமல் நடத்துவது எப்படி?

செமஸ்டர் தொடங்கியதும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும். பழைய வினாத்தாள்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் புழங்கும் அந்த இடத்தைக் கற்றல் குழு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே பாடங்களைப் படிக்கும் சிலர் வாரந்தோறும் ஓர் அறையில் கூடி, கணக்கோடு மல்லுக்கட்டுவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் துறையில் இதை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வதை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். அறைக்கு விண்ணப்பிப்பது, ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: முகத்தைப் பார்க்காமல் அட்டவணையைப் பாருங்கள்

நண்பர்களாகப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். குறைந்தது இரண்டு பாடங்களாவது பொதுவாக உள்ளவர்களைச் சேருங்கள். ஒரே பாடம்தான் பொதுவென்றால், அதன் முதல் தேர்வு முடிந்த கையோடு பாதிப் பேர் காணாமல் போவார்கள். சில பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவர்களில் ஒரே அணியை இரண்டு மூன்று பாடங்களில் சேர்த்தே பதிவுசெய்து, இந்த வேலையைத் தாங்களே முடித்துவிடுகின்றன. 1927-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்ற கல்வியாளர் தொடங்கிய சோதனைக் கல்லூரி முதலாண்டுப் படிப்பு முழுவதையும் பண்டைய ஏதென்ஸைச் சுற்றியே அமைத்தது, 1932-இல் மூடப்பட்டது. நமக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டாம். இரண்டு பாடம் போதும்.

எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

படி 2: நேரம்

வகுப்பை ஒட்டினாற்போல் வரும் ஓய்வு வேளையைப் பிடியுங்கள். மாலையில் வைத்தால் தொலைவிலிருந்து வருபவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும் கழன்றுகொள்வார்கள். அவர்களுக்குத்தான் குழு அதிகம் தேவை.

படி 3: வழிநடத்த ஒரு சீனியர்

அமெரிக்காவின் மிசோரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் தொடங்கிய, மாணவரே மாணவர்களை வழிநடத்தும் துணைக் கற்பித்தல் முறையிலிருந்து ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அந்தப் பாடத்தில் ஏற்கெனவே நன்றாகத் தேறிய மாணவர், மறுபடியும் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். இந்த வாரம் ஆசிரியர் எதை வேகமாகக் கடந்துபோனார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். என் கட்சி: முதலிடம் பிடித்தவரைவிட, தொடக்கத்தில் திணறிப் பிறகு தேறியவரே இதற்குத் தோதானவர்.

படி 4: சாக்பீஸ் யார் கையில்?

குழுக்கள் குடைசாய்வது இங்கேதான். இரண்டாம் கூட்டத்திலோ மூன்றாவதிலோ, நன்றாகப் படிக்கும் ஒருவர் எழுந்து கரும்பலகையைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எல்லோருக்கும் திருப்தியாகவே இருக்கும். அதற்குள் அது இன்னொரு வகுப்பாகிவிட்டிருக்கும்.

எங்கள் விதி இதுதான்: விடை தெரிந்தவர் சாக்பீஸைத் தொடக்கூடாது. தெரியாதவர் எழுதுவார், தெரிந்தவர் கேள்வி மட்டுமே கேட்கலாம். மட்டுச் சார்பு, அதாவது |x|, பூச்சியத்தில் தொடர்ச்சியாக இருந்தும் ஏன் வகையிடத்தக்கதல்ல என்று ஒரு கேள்வி. பலகையில் நிற்பவர் வரைபடத்தை வரைந்துவிட்டு, “முனை கூராக இருக்கிறது, அதனால்” என்று நிறுத்துகிறார். “கூர் என்றால் என்ன? சாய்வைச் சொல்லுங்கள்” என்கிறது ஒரு குரல். இடப்பக்கம் −1 என்று எழுதுகிறார். வலப்பக்கம் +1. கை நிற்கிறது. “ஓ, இரண்டும் ஒன்றாக இல்லையே!” அந்த ஓ-வுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

நடுவில் நீண்ட மௌனம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். சீனியர்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். அடக்கத் தெரியாதவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள்.

படி 5: கணக்கு கடினமாக இருக்கட்டும்

பின்தங்கியவர்களுக்கான குழு என்ற முத்திரை விழுந்தால் யாரும் வரமாட்டார்கள். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதக் கல்வியாளர், முதலாண்டு நுண்கணித மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து கவனித்தார். உழைப்புக்குக் குறைவில்லாமலேயே சிலர் பின்தங்கினார்கள். அவர்கள் பெரும்பாலும் தனியாகவே படித்தவர்கள். முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி விடைகளை ஒப்பிட்டவர்கள் முன்னேறினார்கள். அவர் பின்னர் அமைத்த பயிலரங்குகளில் கொடுத்தது எளிய மீள்பயிற்சி அல்ல, வகுப்பைவிடக் கடினமான கணக்குகள். ஆகவே கேள்வித்தாளை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். அரைகுறையாகவாவது முயன்றுவிட்டு வர வேண்டும்.

கருவிகள்: கரும்பலகை, ஒரு கூகுள் ஷீட். ஷீட்டில் தேதி, கேள்வி, எங்கே சிக்கியது என்று மூன்றே நெடுவரிசைகள். பணித்திட்டச் செயலிகளைப் பரிந்துரைத்து எனக்கு எழுத வேண்டாம். அவற்றை அலங்கரிக்கும் நேரத்தில் இரண்டு கணக்கு முடித்துவிடலாம்.

பின்சேர்க்கை: பேசவே கூசுபவரை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவரைப் பலகைக்கு இழுக்காதீர்கள். முதலில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பேசட்டும். மூவரில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று: வரலாறு, இலக்கியம் போன்றவற்றில் போட கணக்கு ஏது? ஒவ்வொருவரும் வாசிப்பிலிருந்து ஒரு பத்தியைக் கொண்டுவரட்டும். ஆசிரியரின் வாதம் எந்த வரியில் நிற்கிறது, அதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்று மற்றவர்கள் தேட வேண்டும். முப்பது பக்கம் படித்துவரச் சொன்னால் வெறுங்கையோடு வருகிறார்கள். ஒரு பத்தி என்றால் அடிக்கோடிட்டுக்கொண்டு வருகிறார்கள்.