அந்த 'ழ' யார் வரைந்தது? டிசைன் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்களை, அதாவது செய்த வேலைகளைத் தொகுத்த ஃபைல்களை, பார்த்துக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் பதினான்கு பேர். ஒன்பதாவதாக வந்த பையன் ஒரு பக்கத்தைப் புரட்டியபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம், அதே அவசரப் புரட்டல்.

ஃபைலுக்கு 'ஃபைனல் ஃபைனல் 2' என்று பெயர் வைப்பது, ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை, போட்டோஷாப் 85 சதவீதம் தெரியும் என்று பட்டை வரைவது, இதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

சுயமதிப்பீட்டைக் கடைசி இரவில் எழுதுவது

'இந்த ப்ராஜெக்ட் எனக்குக் குழுவாக வேலை செய்யக் கற்றுத்தந்தது.' பதினான்கில் பதினொரு ஃபைல்களில் இந்த வாக்கியம் இருந்தது. யார் பெயரையும் போட்டு எந்த வேலைக்கும் கீழே ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் இப்படி: 'போஸ்டரை ஹாஸ்டல் படிக்கட்டில் ஒட்டிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்றால் தலைப்பு தெரிகிறது, தேதி தெரியவில்லை. 24 பாயிண்டில் இருந்ததை 60 ஆக்கினேன். இடம் போதாமல் படத்தைச் சின்னதாக்க வேண்டிவந்தது. சின்னதானதும் போஸ்டர் முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.' பென்சிலில், அடித்துத் திருத்தி, வேலை நடந்த அன்றே எழுதியது. அந்த 'ஏன் என்று புரியவில்லை'யைப் பற்றி மட்டும் இருவரும் இருபது நிமிடம் பேசினோம். மற்றவர்களிடம் பேச எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நாலு பேர் செய்ததை 'நான் செய்தது' என்று காட்டுவது

இதுதான் என் தவறு, அந்த ஒன்பதாவது பையனுடையதும். இன்றும் யாராவது செய்தால் எரிச்சல் வருகிறது. முதல் எரிச்சல் என்மேல்தான்.

மூன்றாம் ஆண்டில் நாலு பேர் சேர்ந்து, ஒரு பழமுதிர் நிலையத்துக்கு லோகோ, துணிப்பை, கடைப் பலகை, விலை அட்டை எல்லாம் செய்தோம். எழுத்து வரைந்தது என் வகுப்புத் தோழி. தட்டைத் தூரிகையில் ஆறு வாரம் வரைந்தாள். 'பழமுதிர்' மேல் வரி, 'நிலையம்' கீழ் வரி. ழ-வின் சுழி மட்டும் மேல் வரியிலிருந்து நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். நான் செய்தது விலை அட்டை. கத்தரிக்காய் கிலோ இவ்வளவு என்று சாக்பீஸில் எழுதி எழுதி அழிக்க வசதியாக, எண்ணுக்கும் பெயருக்கும் இடம் பிரித்த சின்ன அட்டை. அதை யாரும் பாராட்டவில்லை. நானும் பெரிதாக நினைக்கவில்லை.

படிப்பு முடிந்து, நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் அந்த லோகோ. கீழே என் பெயர் மட்டும். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. குழுவில் நானும்தானே இருந்தேன்!

ஆர்ட் டைரக்டர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இந்தச் சுழி ஏன் இவ்வளவு கீழே இறங்குது?"

"அழகுக்காக சார்."

ஒரு மார்க்கரும் வெள்ளைத்தாளும் நகர்த்தி வைத்தார். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

போட்டேன். என் ழ ஐந்தாம் வகுப்புக் கோடு போட்ட நோட்டு ழ-வாக வந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "போன மே, ஜூன்ல ஒரு பொண்ணு இங்க இன்டர்ன்ஷிப் பண்ணிச்சு. அது கை இது," என்றார். அந்தச் சுழி கீழ் வரியின் நி-க்கும் லை-க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உட்காரத்தான் இறங்குகிறது, பலகை குறுகலானாலும் இரண்டு வரியும் பிரியாமல் நிற்கும் என்று எனக்கே விளக்கினார். அவள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கேட்டதில்லை. "காபி சாப்பிட்டுட்டுப் போங்க," என்று ஃபைலை மூடினார்.

அதோடு போயிருந்தால் ஒரு வேலை போனது என்று விட்டிருப்பேன். அந்த நிறுவனம் அப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்ததாம், அலமாரி விலைச்சீட்டு உட்பட. பிறகு தெரிந்தது. என் விலை அட்டை ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அவர் அங்கே வரவே இல்லை. எனக்கு எது வரும் என்று எனக்கே தெரியாததால், வராததைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

தோழிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. "என் பேரை எழுத அதுல இடம் இல்லையா?" என்று கேட்டாள். அப்புறம் இரண்டு வருடம் பேசவில்லை. சென்னையில் எழுத்து வரையத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். அவள் கைகாட்டிய வேலைகள் எத்தனையோ பேருக்குப் போயின. எனக்கு ஒன்றும் வரவில்லை. வரவும் கூடாது.

அந்தப் பையனிடம் இதையே சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க," என்றான். உண்மைதான், எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் பெயர் போடுவதால் யார் குறைந்துபோனார்கள்? 'பலூ' எழுத்துருக் குடும்பத்தில் இந்திய எழுத்துமுறை ஒவ்வொன்றுக்கும் வரைந்தவர் பெயர் தனித்தனியாக இருக்கிறது. தமிழுக்கான 'பலூ தம்பி' ஆதர்ஷ் ராஜன் வரைந்தது என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு ப்ராஜெக்டுக்குக் கூட்டு உரிமையாளர்களைச் சேர்க்கும் வசதியே இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

நான் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் கீழே மூன்று வரி எழுதுகிறேன்: என் கை பட்டது எது, மற்றவர்கள் யார் என்ன செய்தார்கள், மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். மூன்றாவது வரிதான் கஷ்டம். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த வேலையை நான் சரியாகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

"வேலை இருக்கா சார்?" என்று தொடங்கும் முதல் மெசேஜ்

இருந்தாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

மேடையில் பேசுகிறவரை மட்டும் தேடிப்போவது

கருத்தரங்கு முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றி இருபது பேர் செல்போனோடு நிற்பார்கள். அதே நேரம் காபி வரிசையில் நிற்கிற இன்னொரு கல்லூரிக்காரர் மூன்று வருடத்தில் உங்களுக்கு வேலை தரப்போகிறவராக இருக்கலாம். நைக்கியின் அந்த வளைகோட்டை வரைந்த கேரலின் டேவிட்சன் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிசைன் மாணவி. அதே பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், நைக்கியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட். 1971இல் நைட்டுக்கு அந்தச் சின்னத்தை வரைந்துகொடுத்ததற்கு டேவிட்சன் வாங்கியது 35 டாலர். (கூலி விஷயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

பிரஸ்காரர்களை ஆள் கணக்கில் சேர்க்காதது

எனக்கு முதல் சம்பாத்தியம் வந்த வழி ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பிரஸ்ஸின் மெஷின்மேன். அழைப்பிதழ் ஒன்றைத் திரைக்கான வண்ணத்திலேயே கொண்டுபோயிருந்தேன். அச்சுக்கான நாலு வண்ணத்துக்கு மாற்றியபோது கறுப்பு எழுத்தும் நாலு வண்ணமாகப் பிரிந்துவிட்டது. வண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும் நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் போதும், சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கசியும். அவர் லென்ஸைக் கையில் கொடுத்து, "பாருங்க தம்பி, உங்க எழுத்துக்கு நிழல் விழுது. சின்ன எழுத்துன்னா கறுப்பு பிளேட் ஒண்ணுலயே விடுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடாத ஃபைலைக் கட்டிங்கில் என்ன செய்கிறார்கள், பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த தமிழ் வேறு ஃபான்டில் ஏன் குப்பையாக வருகிறது எல்லாம் அங்கே பார்த்ததுதான். அதற்குப் பிறகு வழியில் போனால் எட்டிப் பார்த்து ஒரு டீ. ஆறு மாதம் கழித்து, டிசைனர் தேடி வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் அவர் என் நம்பரைக் கொடுத்தார். என் போர்ட்ஃபோலியோவை அவர் பார்த்ததே இல்லை.

உதவி கிடைத்ததும் காணாமல்போவது

வேலை கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள்.

விசிட்டிங் கார்டில் 'கிரியேட்டிவ் டைரக்டர்'

இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வேண்டாம்.