ஆகஸ்ட் 10–16: உலகப் பட்டியலிலிருந்து நம்மூர் வானத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

"இந்த வாரம் வானத்தில்" என்று இணையத்தில் வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்காக எழுதியவை. அதை அப்படியே நம்பிப் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனால் கொசுக்கடிதான் மிச்சம். ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை, பழவேற்காடு பக்கம் இருப்பவர்கள் அதை நம்மூர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்று 2026 ஆகஸ்ட் 10 முதல் 16 வரையான வாரத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். வடக்கு எது, கிழக்கு எது என்று தெரியும் என வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் அடிக்க வேண்டியதை அடியுங்கள்

அந்த வாரத்துப் பெரிய செய்தி ஆகஸ்ட் 12, புதன்கிழமை முழுச் சூரிய கிரகணம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாக நிழல் போகிறது. நமக்கு அப்போது இரவு, ஆகவே நேரலையில்தான் பார்க்க முடியும். (வீட்டில் "சமைக்கலாமா, சாப்பிடலாமா" என்று கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். இங்கே தெரியாத கிரகணத்துக்குக் கோயில் நடைகூடச் சாத்துவதில்லை.)

மிச்சம் நிற்பவை: 12–13 இரவு பெர்சியிட் எரிகற்பொழிவு, வாரம் முழுக்க மாலையில் மேற்கே வெள்ளிக் கிரகம், ஐஎஸ்எஸ் விண்வெளி நிலையம் கடந்து போகும் நேரங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏதாவது ஏவினால் அதுவும்.

படி 2: நேரம். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்

விண்வெளிச் செய்திகளில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தேதியும் மாறும் என்பதுதான் மறந்துபோகிறது. என் விதி இது: யூடிசி 18:30-ஐத் தொட்டுவிட்டால் நமக்கு மறுநாள் பிறந்துவிட்டது. ஸ்பெயினில் சூரியன் முழுதாக மறைவது 12ஆம் தேதி யூடிசி 18:30 வாக்கில். சரியாகக் கோட்டின் மேலேயே விழுகிறது. நாட்காட்டியில் "12" என்று மட்டும் குறித்துவைத்தால், நள்ளிரவு 12 மணி எந்தப் பக்கத்து நள்ளிரவு என்று குழப்பம் வரும். புதன் இரவு முடிந்து வியாழன் தொடங்கும் நேரம் என்று எழுதுங்கள். கிழமை போட்டு எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

நாசா சில சமயம் அமெரிக்கக் கிழக்கு நேரத்தைக் கொடுக்கும். அதற்குக் கோடையில் ஒன்பதரை மணி கூட்டணும், குளிர்காலத்தில் பத்தரை.

இதைவிட மோசம் "13ஆம் தேதி அதிகாலை 3 மணி" என்று சொல்வது. நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். பஞ்சாங்கமும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. அதனால் 13 என்று சொன்னால் வியாழன் இரவு சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாயோடு வந்து நிற்பார்கள். "புதன் ராத்திரி படுத்து, இரண்டரைக்கு எழுந்து வாங்க" என்று சொல்லுங்கள். தவறாமல் வருவார்கள்.

படி 3: நிலா

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. பழவேற்காட்டுக் கடலில் காலையில் தர்ப்பணக் கூட்டம் இருக்கும், இரவில் நிலா இருக்காது. எரிகற்களுக்கு இதைவிட நல்ல இரவு கிடைக்காது.

படி 4: எங்கே, எந்தப் பக்கம்

தெற்கே எளாவூர்ச் சோதனைச் சாவடியும் எண்ணூர், காட்டுப்பள்ளி வெளிச்சமும். மேற்கே நெடுஞ்சாலை. ஆகவே ஏரிக்கரையில் வடகிழக்கு பார்த்து உட்காருங்கள். பெர்சியிட் எரிகற்கள் கிளம்புவதுபோல் தோன்றும் இடமும் அங்கேதான். வடக்கே சாய்ந்த டபிள்யூ போல காசியோப்பியா விண்மீன் கூட்டம், நள்ளிரவுக்குமேல் கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டம், இரண்டுக்கும் நடுவே அந்த இடம். அதையே முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை, வானம் முழுவதும் ஓடும்.

மணிக்கு 100 என்று செய்தியில் போட்டிருப்பது, அந்த இடம் தலைக்கு நேர் மேலே இருந்து, வானமும் முழுக் கருப்பாக இருந்தால்தான். நம் அட்சரேகையில் விடியும் நேரத்தில்கூட அது 45 பாகையைத்தான் தொடும். பாதி தெரிந்தாலே லாபம். 2:30 முதல் 4:30 வரை வைத்துக்கொள்ளுங்கள். இவை ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற தூசு. அது கடைசியாகச் சூரியனைச் சுற்றிப் போனது 1992இல்.

தொலைநோக்கி, பைனாகுலர் இரண்டும் வேண்டாம். செல்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். திரையை ஒரு தடவை பார்த்தால் கண் இருட்டுக்குப் பழக மறுபடி இருபது நிமிடம் ஆகும்.

படி 5: ஐஎஸ்எஸ்

ஐஎஸ்எஸ் கடக்கும் நேரங்களைச் சொல்லும் ஹெவன்ஸ்-அபவ் இணையதளம் பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். விளம்பரம் அடைத்த செயலிகளைவிட நம்பகமானது. திறந்ததும் முதலில் ஊரைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அட்லாண்டிக் கடல் நடுவில் நிற்பதாக நினைத்து நேரத்தை யூடிசியில் காட்டும். அடிவானத்திலிருந்து உயரம் 30 பாகைக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். பிரகாச எண்ணில் மைனஸ் கூடக் கூட வெளிச்சம் அதிகம். சிமிட்டினால் அது மீனம்பாக்கம் போகும் விமானம்.

படி 6: ஸ்ரீஹரிகோட்டா

ராக்கெட் தேதியை மட்டும் வாரப் பட்டியலில் பென்சிலால் எழுதுங்கள். சந்திரயான்-2 ஏவலை 2019 ஜூலை 15 அன்று 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தி, 22ஆம் தேதிதான் அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள் ஏவலும் 4ஆம் தேதியிலிருந்து 5க்குத் தள்ளிப்போனது. இஸ்ரோ அறிவிப்போடு, பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். சொல்லியிருந்தால் ஏவல் பெரும்பாலும் உறுதி.

பார்வையாளர் மாடத்துக்கு முன்பதிவு வேண்டும். கிடைக்காவிட்டால் ஏரிக்கரையே போதும். வடகிழக்கே எழும்பி வலப்பக்கம் கடல்மேல் சாயும். யூடியூப் நேரலையை வைத்து எண்ணாதீர்கள், அது பின்தங்கி ஓடும். கடிகாரத்தைப் பாருங்கள். சத்தம் கிலோமீட்டருக்கு மூன்று விநாடி எடுக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்றால், புகை மட்டும் மிஞ்சியிருக்கும்போது, ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உறுமல் வரும். அதற்குள் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய.

பின்சேர்க்கை: வெள்ளியைப் பற்றி ஒரே வரியோடு விட்டுவிட்டீர்களே என்று கேட்டிருந்தார்கள். 15ஆம் தேதியை ஒட்டி அது சூரியனிடமிருந்து அதிகபட்சமாக விலகி நிற்கும். ஞாயிறு, 16ஆம் தேதி மாலை வளர்பிறை பக்கத்தில் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள், இரண்டரை மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்று: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து, "இங்கே ஆகஸ்டில் வானமே கண்ணில் படாது, நாங்கள் என்ன செய்ய?" என்று ஒருவர். நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவமழையோடு மல்லுக்கட்டாதீர்கள். டிசம்பர் 13–14 இரவு ஜெமினிட் பொழிவு. இந்த ஆண்டு நிலா பத்து மணி வாக்கில் மறைந்துவிடும், மழையும் ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெர்சியிட்டைவிட அதுதான் நம் அட்சரேகைக்கு வசதி, ஜெமினிட் புறப்படும் இடம் பின்னிரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்போது வடகிழக்குப் பருவமழை மேகம் இருக்கலாம், ஆகவே அந்த இரவு உங்களுக்கு.