அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி

ஒரே குறியுள்ள இரு முழுக்களைப் பெருக்கினாலும் வகுத்தாலும் விடை மிகை எண். குறிகள் வேறுபட்டால் குறை எண். இவ்விதியை அறியாத மாணவர் அரிது. ஆனால் அது ஒரு சமன்பாட்டுக்குள் மறைந்திருக்கும்போது, நாமெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை ஆண்டுதோறும் புதிய கையெழுத்துகளில் பார்க்கிறேன்.

முதல் உறுப்போடு நின்றுவிடுதல்

7 − 2(க − 5) = 3 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், பலர் அடைப்பை நீக்கி 7 − 2க − 10 = 3 என்று எழுதி, க = −3 என முடிக்கிறார்கள். இங்கே பெருக்கும் எண் 2 அன்று, −2; அது உள்ளிருக்கும் −5ஐயும் பெருக்கியாக வேண்டும். (−2) × (−5) = 10 என்பதால் சரியான வரி 7 − 2க + 10 = 3; விடை க = 7.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, தவறான விடையும் பின்னம் எதுவும் இல்லாமல் ஒழுங்கான முழுவாக வந்து நிற்பதுதான். அதனால் எழுதியவருக்கு ஐயமே எழுவதில்லை. இப்படி எழுதிய ஒரு மாணவியிடம் (−2) × (−5) எவ்வளவு என்று கேட்டேன். தயங்காமல் 10 என்றாள். பிறகு ஏன் −10 என்று எழுதினாய் என்றதற்கு, “இது கழித்தல்தானே சார், பெருக்கல் எங்கே இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்டாள். எண்ணின் குறியும் கழித்தல் என்னும் செயலின் குறியும் ஒரே கோடாக இருப்பதால் நேரும் குழப்பம் இது. பழகும் வரை 7 + (−2)(க + (−5)) = 3 என்று விரித்து எழுதுங்கள்; நீளமாகத் தோன்றினாலும் எந்தக் குறி எந்த எண்ணுக்கு உரியது என்பது கண்ணுக்குத் தெரியும். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார்க்கவும் தவறாதீர்கள்: −3ஐ இட்டால் இடப்பக்கம் 23 ஆகிறது.

கூட்டலிலும் பெருக்கல் விதி

−3 − 5 = −8. இரண்டு குறைகள் சேர்ந்தால் மிகை என்று எண்ணிச் சிலர் 8 என எழுதுகிறார்கள்; அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி, இங்கே அதற்கு வேலையில்லை.

அடுக்கு

−3² என்பது −9; இங்கே அடுக்கு 3க்கு மட்டுமே உரியது. (−3)² என்பது 9. கணினியை நம்பியும் தப்ப முடியாது: எக்செல்லில் =-3^2 என்று இட்டால் 9 வரும், பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்றால் −9 வரும். அடைப்புக்குறியை நீங்களே இடுங்கள்.

பூச்சியம்

கடன் (குறை எண்), சொத்து (மிகை எண்) என்ற பெயர்களில் குறி விதிகளைக் கி.பி. 628இல் எழுதிவைத்த இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரே 0 ÷ 0 = 0 என்று சொல்லிச் சறுக்கிய இடம் இது. 0 ÷ (−8) = 0; அதற்குக் குறி கிடையாது. (−8) ÷ 0 என்பதற்கு விடையே கிடையாது.